பிறந்த தேதி தெரியாதவர்களின் வரலாறு: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதியில் குடும்ப வரலாறும் இளமை நினைவுகளும்

கருணாபுரம் என்பது கள்ளக்குறிச்சி நகரைச் சேர்ந்த ஒரு குடியிருப்புப் பகுதி. அன்றாடக் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் மிகுதியாக வாழும் இடம். 2024 ஜூன் மாதத்துக்கு முன் இந்தப் பெயரை மாவட்டத்துக்கு வெளியே அறிந்தவர்கள் மிகக் குறைவு. அம்மாதம் 18, 19 தேதிகளில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் இந்த ஊர்ப் பெயரை இணையத்தில் தேடுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு வாரத்துச் செய்திதான்.

அங்கு வாழும் குடும்பங்கள் எங்கிருந்து வந்தன, என்ன தொழில் செய்தன, அவர்களின் பாட்டன் பாட்டிமார் சிறு வயதில் என்ன உண்டார்கள், என்ன விளையாடினார்கள் என்பதைச் சொல்லும் எழுத்து கிடைப்பது அரிது. இந்தக் குறை கருணாபுரத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டின் பெரும்பாலான சிற்றூர்களுக்கும், நிலமில்லாத பெரும்பாலான குடும்பங்களுக்கும் இதே நிலைதான். அரசர்களுக்குக் கல்வெட்டும் ஜமீன்களுக்குச் செப்பேடும் நிலக்காரர்களுக்குப் பட்டாவும் உள்ளன. மற்றவர்களின் வரலாறு முதியோர்களின் நினைவில்தான் இருக்கிறது. ஒரு முதியவர் இறந்தால் அந்தக் குடும்பத்தின் பதிவேடு ஒன்று அழிந்தது என்றே கொள்ள வேண்டும்.

கள்ளக்குறிச்சியையும் கல்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, எளிய மக்களின் குடும்ப வரலாற்றுக்கு என்னென்ன சான்றுகள் உள்ளன, அவை எங்கே நின்றுவிடுகின்றன, இளமை நினைவுகள் அந்த இடைவெளியை எப்படி நிரப்பும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இங்கிலாந்துச் சிற்றூர்கள் ஓர் ஒப்பீடு

குடும்ப வரலாறு தேடுவது இங்கிலாந்தில் சாதாரண மக்களின் பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. அதற்கு ஒரு காரணம் அவர்களிடம் உள்ள பதிவேடுகள். எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-ல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்குக் கோயிலும் அவ்வூரில் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் எழுதிவர வேண்டும் என்பது அந்த ஆணை. 1837-ல் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதிவு செய்யத் தொடங்கியது. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது. அந்தக் கணக்கெடுப்பு ஏடுகள் 100 ஆண்டுகளுக்குப் பிறகு மக்களின் பார்வைக்குத் திறந்துவிடப்படுகின்றன. 1921 ஆம் ஆண்டு ஏடுகள் 2022 ஜனவரியில் வெளிவந்தன. ஆகவே பண்ணைக் கூலியின் பேரனும் தன் முன்னோரைப் பல தலைமுறைகள் பின்னோக்கித் தேடிச் செல்ல முடிகிறது.

பதிவேட்டில் பெயரும் தேதியும் மட்டுமே இருக்கும். அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதை நினைவுக் குறிப்புகளே சொல்கின்றன. ஆக்ஸ்போர்டுஷயரில் ஜூனிப்பர் ஹில் என்னும் மிகச் சிறிய ஊரில் 1876-ல் ஒரு கொத்தனாரின் மகளாகப் பிறந்தவர் ஃப்ளோரா தாம்ஸன். அஞ்சலகத்தில் வேலை பார்த்த அவர், தம் அறுபதுகளில் தம் ஊரின் கதையை எழுதினார். 'லார்க் ரைஸ்' என்ற அந்த நூல் 1939-ல் வெளிவந்தது. பன்றி வளர்த்தது, கதிர் பொறுக்கியது, கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தது, பெண் குழந்தைகளைச் சிறு வயதிலேயே வீட்டு வேலைக்கு அனுப்பியது என அவ்வூர் ஏழைகளின் அன்றாட வாழ்க்கை அதில் பதிவாகியுள்ளது.

ஜார்ஜ் யுவர்ட் எவன்ஸ் என்னும் பள்ளி ஆசிரியர் சஃபோக் பகுதியிலுள்ள பிளாக்ஸ்ஹால் என்ற ஊரில் குடியேறி, தம் அண்டை வீட்டு முதியவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதினார். வயலில் புல் அறுத்தவர்களையும் ஆடு மேய்த்தவர்களையும் சான்றாளர்களாகக் கொண்ட அவருடைய நூல் 1956-ல் வந்தது. இன்று வாய்மொழி வரலாறு என்று கல்லூரிகளில் கற்பிக்கப்படும் துறைக்கு அந்நாட்டில் அடித்தளம் இட்ட நூல்களில் அதுவும் ஒன்று.

ஃப்ளோரா பிறந்த 1876 ஆம் ஆண்டை நாமும் அறிவோம். அது தாது வருஷம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்றே அழைத்தனர். அந்த ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த கொத்தனாரின் மகளுக்குப் பிறந்த நாள் தெரியும். அதே ஆண்டில் கள்ளக்குறிச்சி வட்டத்தில் ஒரு கொத்தனார் வீட்டில் பிறந்த பெண்ணைப் பற்றித் "தாது வருஷத்தில் பிறந்தவள்" என்ற சொல் மட்டுமே குடும்பத்தில் எஞ்சியிருக்கும். அந்தச் சொல்லும் எத்தனை குடும்பங்களில் இன்று எஞ்சியிருக்கிறது?

நம் பகுதியில் உள்ள பதிவேடுகள்

நம்மிடம் பதிவேடே இல்லை என்று சொல்வது சரியாகாது. கள்ளக்குறிச்சி நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-ல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விழுப்புரத்தோடு சேர்ந்தது. 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. ஆகவே பழைய ஆவணத்தைத் தேடுபவர் மூன்று மாவட்டப் பெயர்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தென்னார்க்காடு என்ற தலைப்பில்தான் பழைய ஏடுகள் கிடைக்கும். கார்ஸ்டின் எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேடு 1878-லும், பிரான்சிஸ் எழுதிய மாவட்ட விவரச்சுவடி 1906-லும் வெளிவந்தன. ஊர்கள், பாசனம், பஞ்சம், மக்கள் பிரிவுகள் பற்றிய அக்காலத்துச் செய்திகளுக்கு இவை உதவும். எனினும் இவை ஆட்சியாளரின் கண்ணால் பார்த்து எழுதப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது.

குடும்ப அளவில் பயன்படும் ஏடுகளில் முதன்மையானவை நில ஆவணங்கள். நிலவரித் திட்டப் பதிவேடு, சிட்டா, அடங்கல், சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று, பழைய கிரயப் பத்திரங்கள் ஆகியவற்றில் பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் மூன்று தலைமுறை தெரிந்துவிடும். ஆனால் இவை நிலம் வைத்திருந்தவர்களின் ஏடுகள். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள் இவற்றில் இல்லை.

நிலமற்றோருக்கு நில ஆவணத்தில் இடம் கிடைத்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென்று மாகாணத்தில் நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். ஒரு குடும்பத்துக்கு அத்தகைய நிலம் ஒப்படைக்கப்பட்டிருந்தால், அந்த ஒப்படைப்பு ஆவணம் அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கிய முதல் எழுத்தாக இருக்க வாய்ப்புண்டு.

இரண்டாவது, பிறப்பு இறப்புப் பதிவேடு. 1899 ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் ஒன்று இதற்கு வழிவகுத்தது. ஊரில் கிராம அதிகாரிகளே இதை எழுதிவந்தனர். மணியம், கர்ணம் ஆகிய பரம்பரைப் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயர் இருப்பதில்லை. 'ஆண்', 'பெண்' என்பதோடு தந்தை பெயர் மட்டும் இருக்கும். பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு நடந்துவிடுவதே காரணம். பதிவுக்கே போகாத பிறப்புகளும் ஏராளம்.

மூன்றாவது, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. நான் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன் என்பதால் இதன் பலமும் பலவீனமும் எனக்குத் தெரியும். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிட்டது என்று கொள்ளப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பிறந்த தேதி பெற்றோருக்குத் தெரியாது. சேர்க்கும் நாளிலிருந்து ஐந்து ஆண்டைக் கழித்து, மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியை ஆசிரியரே எழுதிவிடுவார். இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களில் பலருக்கு மே, ஜூன் மாதங்களில் பிறந்த நாள் வருவது இதனால்தான். அந்தத் தேதியைக் கொண்டே அவர்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள், ஓய்வு பெற்றார்கள். வரலாறு எழுதுபவர் இந்தத் தேதியை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் அதே பதிவேட்டிலுள்ள தந்தையின் தொழில், முகவரி, பள்ளியை விட்டு நின்ற தேதி, நின்றதற்கான காரணம் ஆகியவை மதிப்புள்ள சான்றுகள்.

நான்காவது, கிறித்தவ ஊர்களிலுள்ள ஞானஸ்நானப் பதிவேடுகள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எறையூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் உள்ளன. இங்கிலாந்தின் பங்குக் கோயில் ஏட்டுக்கு இணையான ஒன்றை நம் பகுதியில் தேடினால் இத்தகைய பங்குகளில்தான் தேட வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நமக்கு உதவுவதில்லை. இந்தியக் கணக்கெடுப்பில் தனிமனிதர் தரும் விவரம் சட்டப்படி இரகசியமானது. ஊருக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே நூலாக வெளிவருகிறது.

கப்பல் எழுதிவைத்த பெயர்கள்

உள்ளூரில் எழுதப்படாத பெயர்கள் கடலுக்கு அப்பால் எழுதப்பட்ட விந்தையும் உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'டுரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் சென்றடைந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவற்றைப் பட்டியலாக எழுதினர். தென்னார்க்காட்டிலிருந்து சென்றவர்களும் அந்தப் பட்டியல்களில் இருக்கிறார்கள்.

கரும்புத் தோட்டத்தில் வேலை வாங்கவும், ஓடிப்போனால் பிடிக்கவும் எழுதப்பட்ட பட்டியல் அது. ஆனால் இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர் ஒருவர் தம் கொள்ளுப்பாட்டனின் ஊரை அந்தப் பட்டியலைக் கொண்டு கண்டறிகிறார். அந்தக் கொள்ளுப்பாட்டனோடு பிறந்து ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியின் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லாமல் போயிருக்கக்கூடும். கப்பல் ஏறியவருக்கு எழுத்துச் சான்று உண்டு, ஊரில் தங்கியவருக்கு இல்லை என்ற முரணை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒருவர் பெயரை எழுதிவைத்ததற்குப் பின்னால் எழுதியவரின் தேவை ஒன்று இருந்தது.

கல்வராயன் மலை: கதையும் சான்றும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலை சேலம் மாவட்டத்துக்குள்ளும் பரவியுள்ளது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகளாக வழங்குகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதிக்கு வெள்ளிமலை தலைமையிடம். மலையில் வாழும் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர். இவர்கள் தமிழ் பேசுபவர்கள், கேரளத்து மலையாளிகளோடு தொடர்பில்லாதவர்கள்.

இவர்களிடையே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பி மூவர் மூன்று மலைகளுக்குப் பிரிந்து சென்று குடியேறினர் என்பது அதன் சாரம். எந்தச் சகோதரர் எந்த மலைக்குப் போனார் என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றின் பெயர்கள் இக்கதையின் வெவ்வேறு வடிவங்களில் வருகின்றன. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் இக்கதை பதிவாகியுள்ளது.

இதை வரலாறாகக் கொள்ளலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட ஆண்டில் மூவர் புறப்பட்டார்கள் என்பதற்கு இக்கதை சான்றாகாது. ஆனால் தனித்தனி மலைகளில் வாழும் மக்கள் தங்களை ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக நினைத்தார்கள் என்பதற்கு இது உறுதியான சான்று. குடும்பக் கதைகள் எல்லாவற்றையும் இப்படித்தான் படிக்க வேண்டும். கதை சொல்லும் நிகழ்ச்சி நடந்ததா என்பது ஒரு கேள்வி. அந்தக் கதையை ஏன் இத்தனை தலைமுறை காப்பாற்றினார்கள் என்பது இன்னொரு கேள்வி.

மலையின் அண்மைக்கால வரலாறு கதையாக மட்டும் இல்லை. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் பட்டப்பெயர் கொண்ட மூன்று ஜாகீர்தாரர்களின் கையில் மலை ஊர்கள் இருந்தன. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்த உரிமையை வழங்கினார் என்பது மரபு. மக்கள் ஜாகீர்தாரருக்கு வரி கட்டினர், கூலியில்லாமல் உழைத்தும் கொடுத்தனர். ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரி முறைக்கு மாற்றும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948-லேயே இயற்றப்பட்டது. ஆனால் கல்வராயன் மலை முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது 1976-ல்தான். நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய 29 ஆண்டுகள் கழித்து!

இன்று அறுபது வயதைத் தாண்டிய மலைவாசிகள் தங்கள் குழந்தைப் பருவத்தை ஜாகீர் ஆட்சியில் கழித்தவர்கள். தந்தை யாருடைய நிலத்தில் எத்தனை நாள் இலவசமாக உழுதார், வீட்டு விளைச்சலில் சாமையும் தினையும் எவ்வளவு போயிற்று, பள்ளிக்கூடம் எத்தனை மைல் தூரத்தில் இருந்தது என்பனவற்றை நேரில் கண்டு சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை அது. இன்னும் இருபது ஆண்டுகளில் இந்த நேரடிச் சான்று இருக்காது.

நினைவுக்குச் சட்டம் தரும் மதிப்பு

முதியவர்களின் நினைவு பொழுதுபோக்குக் கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி காட்டு நிலத்தில் உரிமை கோருபவர் சான்று காட்ட வேண்டும். 2008 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட அச்சட்டத்தின் விதிகள், ஏற்கத்தக்க சான்றுகளின் பட்டியலில், உரிமை கோருபவர் அல்லாத முதியோர் சொல்லி எழுத்தில் பதிவான வாக்குமூலத்தையும் சேர்த்துள்ளன. வீடு, கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்ற கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும், முன்னோர் வழியைக் காட்டும் வம்சாவளியும் அப்பட்டியலில் உள்ளன. பட்டா இல்லாத மலைக்குடும்பத்துக்குப் பாட்டியின் நினைவே ஆவணமாகலாம் என்பது இதன் பொருள். பழங்குடிச் சாதிச் சான்றிதழ் பெறுவதிலும் குடும்பத்தின் வேர் எங்கே உள்ளது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. குடும்ப வரலாறு தெரியாததால் உரிமையை இழக்கும் நிலை இங்கு உண்மையாகவே உண்டு.

காலத்தைக் கணக்கிடும் முறை

தேதி தெரியாத நினைவை எப்படிக் காலவரிசையில் வைப்பது? நம் முதியோர் ஆண்டை எண்ணால் சொல்வதில்லை, நிகழ்ச்சியால் சொல்வார்கள். "அண்ணா செத்த வருஷம் எனக்குக் கல்யாணம்" என்றால் அது 1969. "அரியலூர்ல ரயில் கவுந்தப்போ நான் கைக்குழந்தை" என்றால் 1956 நவம்பர். தனுஷ்கோடிப் புயல் என்றால் 1964 டிசம்பர். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. பள்ளியில் காமராசர் காலத்து மதிய உணவு சாப்பிட்டேன் என்பவர் 1956-க்குப் பிறகு படித்தவர். சத்துணவு சாப்பிட்டேன் என்பவர் 1982-க்குப் பிறகு படித்தவர். கோமுகி அணை கட்டும்போது மண் சுமந்தேன் என்று சொல்பவர் 1960-களைச் சொல்கிறார். இத்தகைய உள்ளூர் நிகழ்ச்சிகளின் பட்டியல் ஒன்றை முதலில் தயாரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழ் ஆண்டுப் பெயர் சொன்னால் எச்சரிக்கை தேவை. அவை 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. தாது என்பது 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். சொல்பவரின் தலைமுறையைக் கொண்டு எதுவென்று முடிவு செய்ய வேண்டும். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய 25 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வது நல்ல தொடக்கம்.

குலதெய்வம், பெயர், பிறந்த வீடு

இங்கிலாந்தில் இல்லாத சில சான்றுகள் நம்மிடம் உண்டு. முதலாவது குலதெய்வம். குடும்பம் எங்கு பிழைக்கப் போனாலும் முடி இறக்கவும் காது குத்தவும் குலதெய்வக் கோயிலுக்குத் திரும்பிப் போகிறது. நகரத்துக் குடியிருப்பு ஒன்றில் வாழும் குடும்பங்களிடம் "உங்கள் குலதெய்வம் எந்த ஊரில்?" என்று கேட்டுப் பட்டியல் எழுதினால், அவர்கள் எந்தெந்தத் திசையிலிருந்து வந்து சேர்ந்தார்கள் என்ற வரைபடமே கிடைத்துவிடும். அந்தக் கோயிலில் கூடும் பங்காளிகளின் பட்டியல் தந்தைவழி உறவின் பட்டியல்.

இரண்டாவது, பெயரிடும் வழக்கம். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் பேரனுக்குப் பெயரன் என்ற பெயர். ஒரு குடும்பத்தில் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் ஒரே பெயர் திரும்ப வந்தால், மறந்துபோன பாட்டனின் பெயரை ஊகிக்கலாம். ஊகம் ஊகமாகவே குறிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, பெண்களின் பிறந்த வீடு. நில ஆவணங்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களைச் சுமந்தவை. பாட்டியின் பிறந்த ஊர், அவருடைய அம்மாவின் பிறந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே போனால் பத்திரங்களில் இல்லாத வேறொரு வரலாறு வெளிப்படும். பஞ்சத்தில் எந்த ஊர்ச் சொந்தம் சோறு போட்டது, எந்தச் சண்டையில் எந்த ஊரோடு போக்குவரத்து நின்றது என்பதெல்லாம் பெண்களின் நினைவில்தான் துல்லியமாக இருக்கும்.

இளமை நினைவுகள் சொல்வது என்ன

"உங்கள் ஊர் வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் முதியவர்கள் தயங்குவார்கள். தமக்கு வரலாறு எதுவும் தெரியாது என்பார்கள். "சின்ன வயதில் காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் பேச்சு தானாக வரும். கம்பங்கூழா, கேழ்வரகுக் களியா, நெல்லுச் சோறு எந்தப் பண்டிகைக்கு, மாடு யாருடையது, செருப்புப் போட்டுக்கொண்டு எந்தத் தெருவழியே போகக் கூடாது, எந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கூடாது, வகுப்பில் எங்கே உட்கார வேண்டும் என்பன ஒவ்வொன்றும் பொருளாதார வரலாறு, சாதி வரலாறு, கல்வி வரலாறு.

இவ்வகை எழுத்துக்குத் தமிழில் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது. கே. ஏ. குணசேகரனின் 'வடு' 2005-ல் வந்தது. கள்ளக்குறிச்சியை அடுத்த வட்டாரத்தின் பேச்சையும் வாழ்க்கையையும் கொண்ட இமையத்தின் நாவல் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் வெளிவந்தது. ஊரின் துணிகளை வெளுத்தும் தானியம் தூற்றியும் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முறை மாறிப்போனதை அந்நாவல் காட்டுகிறது. நாவல் புனைவுதான் என்றாலும், எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத வாழ்க்கை விவரம் அதில் இருக்கிறது.

நினைவுக்குக் குறைகளும் உண்டு. பழைய காலம் பொற்காலமாகத் தோன்றும். அவமானங்கள் மறைக்கப்படும். இருவர் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு விதமாகச் சொல்வார்கள். ஆகவே ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடமும் கேட்டு, கிடைக்கும் ஏட்டோடு ஒப்பிட்டு, வேறுபாட்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மாணவர்கள் செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய பொருட்செலவு தேவையில்லை. ஒரு குறிப்பேடும் கைப்பேசியும் போதும்.

1. வீட்டிலுள்ள மிக மூத்தவரிடமிருந்து தொடங்க வேண்டும். ஒரே நாளில் முடிக்க நினைக்கக் கூடாது. அரை மணி நேரம் வீதம் பல நாட்கள் கேட்க வேண்டும்.
2. அனுமதி பெற்ற பிறகே குரலைப் பதிவு செய்ய வேண்டும். எதை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்பதைச் சொன்னவரே முடிவு செய்ய வேண்டும்.
3. வட்டாரச் சொற்களை அப்படியே எழுத வேண்டும். புத்தகத் தமிழுக்கு மாற்றினால் பாதிச் செய்தி போய்விடும்.
4. பழைய குடும்ப அட்டை, மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு ஆகியவற்றைப் படம் எடுத்து வைக்க வேண்டும். மொய் நோட்டு ஒன்றில் ஒரு குடும்பத்தின் உறவு வட்டம் முழுவதும் ஊர்ப் பெயரோடு இருக்கும்.
5. கேட்ட தேதி, சொன்னவரின் ஏறக்குறைய வயது, சொன்னவருக்கு அது நேரில் தெரிந்ததா, பிறர் சொல்லிக் கேட்டதா என்பதைக் கட்டாயம் குறிக்க வேண்டும்.
6. துக்கம் ஆறாத வீடுகளில் கேள்வி கேட்கக் கூடாது. அவர்கள் தாமாகப் பேச முன்வரும்போது காது கொடுத்தால் போதும்.

கருணாபுரத்துக்கு எழுத வேண்டிய வரலாறு

2024 நிகழ்ச்சிக்குப் பின் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் அதே ஆண்டு தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும் கல்விச் செலவும் வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. இவையெல்லாம் ஏடுகளாகச் சேரும். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஆவணக் காப்பகத்தில் கருணாபுரம் என்று தேடினால் அறிக்கைகளும் தீர்ப்புகளும் இறந்தோர் பட்டியலும் கிடைக்கும்.

ஃப்ளோரா தாம்ஸனின் 'லார்க் ரைஸ்' நூலும் ஓர் இறந்தோர் பட்டியலோடுதான் முடிகிறது. முதல் உலகப் போரில் இறந்த அவ்வூர் இளைஞர்களின் பெயர்கள் கோயில் சுவரில் பித்தளைத் தகட்டில் பொறிக்கப்பட்டிருப்பதைக் கூறி நூலை நிறைவு செய்கிறார். அவர்களுள் அவருடைய தம்பியும் ஒருவர். அந்தக் கடைசிப் பக்கத்தில் வாசகர் கலங்குவதற்குக் காரணம், அதற்கு முந்தைய பக்கங்களில் அந்தச் சிறுவர்கள் விளையாடியதையும் பசித்திருந்ததையும் பள்ளிக்கு நடந்ததையும் நாம் பார்த்துவிட்டதுதான்.

கருணாபுரத்துக்கு இப்போது கடைசிப் பக்கம் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. பெற்றோரை இழந்த குழந்தை ஒன்று வளர்ந்து, தன் தாயின் பிறந்த ஊர் எது, தன் தந்தை சிறுவனாக எந்த ஏரியில் நீந்தினான் என்று ஒருநாள் கேட்கும். அரசு ஏட்டில் அதற்கு விடை இருக்காது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இருக்கும், பழைய ஆசிரியரிடம் இருக்கும், குலதெய்வக் கோயிலில் கூடும் பங்காளியிடம் இருக்கும். அவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவைப்பது, பக்கத்திலேயே வாழும் நம்மால் செய்யக்கூடிய வேலை.